இரண்டு பெயருக்கு நடுவே ஒரு குறி

நான் பார்த்த வேலையை ஒரே சொல்லில் சொல்ல இன்றுவரை எனக்கு வரவில்லை. அடையாள அட்டையில் ‘சர்வீஸ் டெக்னீஷியன்’ என்று போட்டிருந்தார்கள். அம்மா பக்கத்து வீட்டில், “எம்மவ கம்ப்யூட்டரு ரிப்பேரு பண்ணுது” என்பார். நான் அதிகம் செய்தது ரிப்பேர் அல்ல. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாத இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவற்றுக்கிடையே தூது போக ஒரு சின்னப் பெட்டியைப் பழக்கியதுதான்.

போன மாதம், எனக்குப் பின்னால் அந்த வேலையில் சேர்ந்த கீர்த்தனா போன் செய்தாள். சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு மில்லில் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த பழைய பெரிய கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்களாம்.

“அக்கா, அதுக்கும் பிரிண்டருக்கும் நடுவுல குட்டியா ஒரு பெட்டி இருக்கு லா. இது எதுக்கு? கழட்டிப் போட்டுரலாமா?”

“போட்டுரு” என்றேன்.

“ஓகே கா. ஆனா இது என்ன செஞ்சிச்சுன்னு எழுதி வைங்களேன். இங்க யாருக்கும் ஒன்னுமே தெரியல.”

அதனால் எழுதுகிறேன். காலையில் கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றும். அந்தச் சும்மாவில்தான் பழைய அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. எல்லா அறைகளிலும் ஒரே குளிர், ஒரே ரீங்காரம்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்களை ‘ஹோஸ்ட்’ என்போம். ஒரு ஹோஸ்டுக்குத் தன் குடும்பத்துப் பிரிண்டர்களை மட்டும்தான் தெரியும். அது எழுத்தை எண்ணாக மாற்றி அனுப்பும். அந்த எண்கள் அதன் சொந்தக் கணக்குப்படி இருக்கும். கடையில் வாங்கி வரும் புதுப் பிரிண்டருக்கு வேறு கணக்கு. பழைய பிரிண்டர் செத்துப்போய், உதிரிச் சாமானும் கிடைக்காமல் போகும்போது, நடுவில் இன்டர்ஃபேஸ் பெட்டியை மாட்டுவோம். அது ஹோஸ்டிடம், ‘நான்தான் உன் பழைய பிரிண்டர்’ என்று நடிக்கும். வந்ததை வாங்கி, புதுப் பிரிண்டரிடம் அதன் மொழியில் சொல்லும். எந்தப் பிரிண்டராக நடிப்பது, கேபிளில் எந்த இடம், ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, எந்த நாட்டு எழுத்து என்று ஒவ்வொன்றையும் நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பிறந்தது தோட்டத்தில். அப்பா செம்பனை எண்ணெய் மில்லில் கொதிகலன் பார்த்தார். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தேன். வகுப்பில் பெண்கள் குறைவு. கிள்ளானில் ஓராண்டு டெலிவிஷன் பழுது பார்த்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒரு சிறு கம்பெனியின் கோலசிலாங்கூர் கிளையில் சேர்ந்தேன். ஒரு வேன், நான்கு ஆட்கள், மேலே திரு. குலசிங்கம்.

குலசிங்கம் சார் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருடைய அப்பா தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். ஓர் இடத்துக்குப் போனால் கருவிப் பையைத் திறக்கவே மாட்டார். முதலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். பிறகு, தப்பாக வந்த காகிதம் ஒன்று, முன்பு சரியாக வந்த காகிதம் ஒன்று என்று இரண்டைக் கேட்டு வாங்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இரண்டையும் வரிவரியாக வாய்விட்டுப் படிப்பார், தேவாரம் படிக்கிற மாதிரி. அலுவலகத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர் கவலைப்பட மாட்டார். பிறகு பெட்டியில் அப்போது இருக்கிற செட்டிங் முழுவதையும் பென்சிலால் எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் விரல் பொத்தானைத் தொடும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காகிதம் அச்சடித்து, மூலையில் என்ன மாற்றினோம் என்று குறிப்பார்.

எங்களையெல்லாம் ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும்.

ஒருமுறை ராசா என்ற ஊரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, “கேபிள்தான் சார் பிரச்சினையா இருக்கும்” என்றேன்.

“கண்டனீரோ?”

“இல்ல சார். ஆனா…”

“காணாததைச் சொல்லாதேயும், பிள்ளை. பிழை உம்முடைய கண்ணுக்கு முன்னால நடக்குமட்டும் இருந்து பாரும்.”

அப்படி இருந்து பார்த்த இடங்கள் பல. கடலோரத்தில், பாகான் நக்கோடா ஓமாரில் ஓர் ஐஸ் கிடங்கு. உப்புக்காற்று கேபிளின் முனையைத் தின்றுவிட்டிருந்தது. சுங்கை ஆயர் தாவாரில் கொப்பரை வாங்கும் ஒரு சீனர். அவருடைய பிரிண்டர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்று வரி விட்டு அடித்தது. வரி முடிந்தால் கீழே இறங்க வேண்டியது ஹோஸ்டின் வேலையா பெட்டியின் வேலையா என்பது தெரியாமல் இரண்டுமே அதைச் செய்துகொண்டிருந்தன. சரிசெய்து கொடுத்தேன். அவர் காகிதத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பழையபடியே மாற்றிவிடச் சொன்னார். இடைவெளி இருந்தால்தான் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதாம். மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் வெட்டித் தந்த இளநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆனால் கண்ணை மூடினால் வருவது வேறோர் அறை.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளிப் போகும் செம்மண் பாதையில் ஒரு தோட்டம். முன்பு கித்தா என்கிற ரப்பர், பிறகு செம்பனை. அதன் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றிருந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்களுக்குத் தரை வீடு தருவதாகப் பேச்சு. அதற்கு ஒவ்வொருவரும் தோட்டத்திலிருந்து வேலை உறுதிக் கடிதம் கொண்டுபோக வேண்டும். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், எந்தக் காலத்திலிருந்து வேலை என்ற விவரம் எல்லாம் தோட்ட அலுவலகத்தின் ஹோஸ்டில் இருந்தன. அதன் பழைய பிரிண்டரோ ஓடும் நிலையில் இல்லை. நான் போய்ப் புது லேசர் பிரிண்டரையும் ஒரு பெட்டியையும் மாட்டினேன். பெட்டி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிடங்கிலிருந்து வந்தது. அதன் எழுத்து அட்டவணை வேறு நாட்டுக்கானதாக இருந்தது. நம்முடையதுக்கு மாற்றினேன். மற்ற செட்டிங் எல்லாம் தற்செயலாக நமக்கு வேண்டியபடியே இருந்தன. சோதனைக் காகிதம் சரியாக வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பெரிய கிராணி மணியம் போன் செய்தார்.

“மிஸ், ஒங்க பிரிண்டரு ஒரே ஒரு அம்மாவுக்கு மட்டும் ஒழுங்கா அடிக்க மாட்டேங்குது.”

“ஒரே ஆளுக்கா?”

“ஆமா. மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் வருது. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். மேசையில் ஒரு கடிதம். LETCHUMY என்று ஒரு பெயர், KANNIAMMAH என்று இன்னொரு பெயர். நம் நாட்டில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் ஐசியில் நடுவே @ போடுவார்கள். இங்கே அந்த இடத்தில் § என்று ஒரு குறி. கோயில் வேப்பமரத்தடியில் நாகக்கல் பார்த்திருப்பீர்கள், இரண்டு பாம்பு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும். அந்த மாதிரி. வீட்டுக்கு மனு வாங்கும் கவுண்டரில் ஐசியையும் கடிதத்தையும் ஒப்பிட்டு, குறி ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம் எனக்கு உடனே புரிந்தது. @ குறிக்கு ஹோஸ்ட் அனுப்பும் எண், வேறொரு நாட்டு அட்டவணையில் அந்தப் பாம்புக் குறிக்கு உரியது. தகப்பன் பெயருக்கு முன் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கு A/L, A/P என்று வரும் சாய்கோடு எல்லா அட்டவணையிலும் ஒன்றுதான், அதனால் மற்ற கடிதங்களில் வித்தியாசமே தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் இரண்டு பெயர் வைத்திருந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். பெட்டியைப் பார்த்தேன். நான் மாற்றி வைத்திருந்த எழுத்து அட்டவணை, பழையபடி வேறு நாட்டுக்குத் திரும்பியிருந்தது. மறுபடி மாற்றினேன். அந்த அம்மாவின் கடிதத்தைச் சோதனைக்கு அடித்தேன். @ அழகாக வந்தது. “இதையே கொடுத்திரலாமே” என்றேன். மணியம் முடியாதென்று தலையாட்டினார். கடிதத்தை ஆள் நேரில் வந்து, கைரேகை வைத்துத்தான் அடித்து வாங்க வேண்டுமாம். மானேஜர் வைத்த சட்டம். மதியத்துக்கு முன் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மறுபடி போன். “மிஸ், அதே பாம்பு.”

மணியத்தின் குரல் மாறியிருந்தது. “காலையில நீங்க இருக்கறப்ப நல்லா வருது. அந்தம்மா வந்து நின்னா கெட்டுப்போகுது. இங்க எல்லாரும் பேச ஆரம்பிச்சிட்டாங்க, ராசி இல்லாத பொம்பளன்னு. வெள்ளிக்கிழமை கடைசி நாளு. அதுக்குள்ள கடிதம் போகலன்னா அந்த வீடு போச்சி.”

யாரோ பொத்தானை அமுக்குகிறார்கள் என்று சாரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி உங்களுக்கே தெரியும். நான் காணவில்லை என்றேன்.

“அப்ப வெள்ளிக்கிழமை முழுக்க அங்க இரும். வேறொரு வேலையும் வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை காலையில் பனி இன்னும் செம்பனை ஓலைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. வேனின் முன்விளக்கு ஒளி பாதையில் பால் மாதிரி கரைந்தது. அலுவலகத்தின் பின்பக்கம்தான் ஹோஸ்ட் அறை. சன்னல் ஒன்று, அதற்கும் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளியே எவ்வளவு வெயிலோ, உள்ளே அவ்வளவு குளிர். பெட்டியின் எழுத்து அட்டவணையை மாற்றினேன். ஒரு சோதனை அடித்தேன். சரி. நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெட்டியை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலில் சலிப்பு. பிறகு தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். ஹோஸ்டின் விசிறிச் சத்தம் தூரத்து மில் சத்தம் மாதிரி மாறியது. சின்ன வயதில் லயத்தில் படுத்தபடி கேட்ட சத்தம். திரையில் பச்சை எழுத்துகள் மெல்ல மேலேறிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆளின் பெயர். அவர்கள் வரிசையாக ஒரு குறுகிய பாலத்தைக் கடந்து போகிறார்கள், அக்கரையில் யாரோ பெயர் கேட்கிறார்கள், சிலருக்கு மட்டும் சொல்ல வரவில்லை. அப்படி ஒன்று கண்டேன். கனவென்று சொல்ல முடியாது, கண் திறந்துதான் இருந்தது. எழுந்து இன்னொரு காகிதம் அடித்தேன். சரி. மணியம் மீ கோரேங் வாங்கி வந்து கொடுத்தார். சாப்பிட்டேன். இன்னொன்று அடித்தேன். சரி.

அறைக்குள் ஒன்றும் மாறவில்லை, ஆனால் கறுப்புத் தாளின் ஓரத்தில் தெரிந்த வெளிச்சக் கோடு மங்கியது. பிறகு தகரக்கூரையில் நான்கைந்து துளி. பிறகு ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்தில் அந்த மாதங்களில் மதியத்துக்குப் பின் மழை வருவது, பள்ளி மணி அடிக்கிற மாதிரி. ஓர் இடி. விளக்கு ஒருமுறை அணைந்து, நான் மூச்சை இழுப்பதற்குள் மறுபடி எரிந்தது. ஹோஸ்ட் அசையவில்லை. அதற்கு யு.பி.எஸ். இருந்தது. அலுவலகத்தில் ஒருவர்கூடத் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சின்ன விளக்கு செத்து, மஞ்சளாகி, பிறகு பச்சையானது.

காகிதம் ஒன்று அடித்தேன். இரண்டு பாம்பு.

பெட்டியின் செட்டிங்கைப் பார்த்தேன். பிறந்த நாட்டு எழுத்துக்கே திரும்பியிருந்தது. செட்டிங்கை நினைவில் வைத்திருக்க உள்ளே ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோயிருக்கிறது. கரண்ட் ஒரு கணம் போனாலும் பெட்டி நாம் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடும். மற்ற செட்டிங் எல்லாம் அதன் பிறவிக் குணத்தோடு ஒத்திருந்ததால், மறந்தது வேறு எதிலும் தெரியவில்லை.

சாருக்குப் போன் செய்தேன். “சார், கண்டேன்.”

“என்ன கண்டனீர்?”

சொன்னேன். அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது.

“ஓம். பேட்டரிய அடுத்த கிழமை நான் வந்து மாத்துறன். இப்ப அதை ஹோஸ்ட்டின்ட யு.பி.எஸ்.ஸில போடும்.”

“அதுல வேற எதையும் போடக்கூடாதுன்னு நீங்கதானே சார்…”

“நான்தான் சொன்னனான். நானே சொல்லுறன், போடும்.”

பிளக்கைக் கழற்றிக்கொண்டு திரும்பியபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய வயது. செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்த கால்சட்டையும் பூட்சும் போட்டிருந்தார்; தலைத்துண்டிலிருந்து மழைநீர் சொட்டியது. மடியில் பிளாஸ்டிக் பை. அவருக்கு வேலை மதியத்தில்தான் முடியும். குளிக்கக்கூட நிற்காமல் மழை விட்டும் விடாததுமாக அலுவலகத்துக்கு வருவார். அவர் வந்தபோதெல்லாம் பாம்பு வந்ததன் ரகசியம் அவ்வளவுதான். அதை நான் அந்தக் கணத்தில்தான் முழுதாக உணர்ந்தேன்.

கதவைத் திறந்தேன். “லெட்சுமி அக்காவா? உள்ள வாங்க.”

“வேணாம்மா. நான் இங்கயே இருக்கேன். நீங்க அடிச்சிட்டு கூப்பிடுங்க, வந்து ரேக வெச்சிட்டு ஓடிர்றேன்.”

“ஏன்க்கா?”

அவர் தரையைப் பார்த்தார். “நான் கிட்ட வந்தா மெசினு கெட்டுப்போகுதாம். இன்னிக்குக் கடைசி நாளு. எதுக்கும்மா வம்பு.”

“ஒங்களால இல்லக்கா. மழையால.”

நம்பவில்லை. யாரோ ஒருவர் பொய்யாக ஆறுதல் சொல்லும்போது கேட்டுக்கொள்கிற மாதிரி, மெல்லத் தலையாட்டினார். நான் அவர் கையைப் பிடித்தேன். பழத்தின் எண்ணெய் பிசுபிசுத்தது. அறைக்குள் கூட்டிப்போய் என் நாற்காலியில், பெட்டிக்கு எதிரிலேயே உட்கார வைத்தேன். குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டார். பெட்டியை யு.பி.எஸ்.ஸில் மாட்டி, அட்டவணையை மாற்றினேன். அவருடைய வலதுகை விரலைப் பிடித்து, விசைப்பலகையில் அச்சடிக்கும் பொத்தானைக் காட்டினேன்.

“நீங்களே அமுக்குங்க.”

“ஐயோ, நானா?”

“நீங்கதான்.”

அமுக்கினார். பிரிண்டர் ஒருமுறை கனைத்துக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. @.

மணியம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம், “சார், மெயின் சுவிட்ச ஒருதரம் அணைச்சுப் போடுங்க” என்றேன்.

“வேல நடந்துகிட்டு இருக்கு மிஸ்!”

“ஒருதரம்தான்.”

அவர் போய் அணைத்தார். முழு அலுவலகமும் இருண்டது. மழை இரைச்சல் மட்டும் பெரிதாகியது. யாரோ “ஆலாமா!” என்றார்கள். இருட்டில் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் அப்படியே இருந்தது. லெட்சுமி அக்கா என் முழங்கையைப் பற்றியிருந்தார். கரண்ட் திரும்பியது, பிரிண்டர் எழுந்து சூடாகக் காத்திருந்தோம். “இப்ப இன்னொருதரம் அமுக்குங்க” என்றேன்.

மறுபடியும் @.

மணியம் இரண்டு காகிதத்தையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அலுவலகத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “பெட்டிக்குத்தான் கோளாறு. அக்காவுக்கு ஒன்னும் இல்ல” என்றார். அந்த மனிதரை எனக்கு அன்றிலிருந்து பிடிக்கும்.

மானேஜர் கையெழுத்துப் போட்டார், கைரேகை பதிந்தது. கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில்தான் வீட்டு கவுண்டர். பஸ் பிடித்துப் போனால் மூடிவிடுவார்கள். வேனிலேயே ஏற்றிக்கொண்டேன். மழையில் செம்மண் பாதை ஆறாக ஓடியது. துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. அவர் கடிதத்தைப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போன தடவ போனேன்ல, கவுண்டர்ல ஒரு மலாய்க்காரப் பொண்ணு. நல்ல பொண்ணு. காயிதத்தப் பாத்துட்டு, ‘மாக்சிக், இனி டுவா ஓராங் கே, சத்து ஓராங்?’னு கேட்டுச்சி. இது ரெண்டு ஆளா, ஒரு ஆளான்னு.”

“ஒரு ஆளுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“வாய் வரலம்மா.”

கொஞ்ச தூரம் போன பிறகுதான் மீதியைச் சொன்னார்.

“நாங்க ரெட்டப் புள்ள. நான் லெட்சுமி, அவ கன்னியம்மா. பொறந்து கண்ணு தொறந்த கொஞ்ச நாள்லயே அவ போய்ட்டா. காய்ச்சலு. அப்புறம் எங்கம்மா என்ன ரெண்டு பேரும் சொல்லித்தான் கூப்புடும். ஐசி எடுக்கப் போனப்ப எங்கப்பா பிடிவாதமா நின்னு ரெண்டையும் எழுத வெச்சிருச்சி. லயத்துல சில பேரு என்ன சொல்வாங்க தெரியுமா? கூடப் பொறந்தத தின்னுட்டு வந்தவன்னு. சின்னதுல வெளையாட்டுல சேத்துக்க மாட்டாங்க. இப்ப இந்த மெசினும் அப்புடி ஆனதும், சரிதான்னு நெனச்சிக்கிட்டேன்.”

துடைப்பானின் வேகத்தைக் கூட்டினேன். அதற்கு அவசியம் இல்லை.

கவுண்டரில் அதே பெண். ஐசியை ஒரு கையிலும் கடிதத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். எனக்குக் குலசிங்கம் சார் ஞாபகம். நடுவில் வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. முத்திரை குத்தி, நகல் ஒன்றை எங்களிடம் தள்ளினாள். “சுடா, மாக்சிக்” என்று சிரித்தாள். முடிந்தது.

அடுத்த வாரம் சார் வந்து பேட்டரியை மாற்றினார். பெட்டியின் தலையில் ஒரு சீட்டு ஒட்டி, ‘இது மறதிக்காரன். யு.பி.எஸ்.ஸிலிருந்து கழற்ற வேண்டாம்’ என்று எழுதினார். வீடுகள் கட்டி முடிய நாளாயிற்று. ஆனால் லெட்சுமி அக்காவுக்கு வீடு கிடைத்தது. வரிசையின் கோடி வீடு. பால் காய்ச்சியபோது நானும் போயிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை மாலை. கவுண்டரிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. இருவருக்கும் பசி. ஆற்றோரமாக வேனை நிறுத்தி, தே தாரேக் டீயும் வாழைப்பழப் பலகாரமும் வாங்கி வந்தேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ஆறு கடலில் விழுகிற இடம். நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதபடி வழவழப்பாக நின்றது. அக்கரையில் மீன்பிடிப் படகுகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன. வானத்தில் பாதி இன்னும் கறுப்பு, பாதி பழுத்த நிறம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. அவர் பூட்சைக் கழற்றிவிட்டு, ஈரமான பாதங்களைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டார்.

“எங்க இருக்கும்மா அது? அந்தக் குறி?”

அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. நகலை வாங்கி, விரலால் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இதுவா! முறுக்கு மாதிரியில்ல இருக்கு. இத்தினியூண்டு முறுக்குக்கா இம்புட்டுப் பாடு?”

சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகும் அவர் விரல் அங்கேயே இருந்தது. “இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் அவளா?”

“ஆமாக்கா.”

“நடுவுல இருக்கறத எப்புடிப் படிப்பீங்க?”

“‘அல்லது’ன்னு படிப்பாங்க. லெட்சுமி அல்லது கன்னியம்மா.”

அவர் தலையை மெல்ல அசைத்தார். கோபமில்லை; தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

“அல்லது இல்லம்மா. ‘கூட’ன்னு படிங்க. லெட்சுமி கூட கன்னியம்மா.”